மண்டையோட்டில் தேடிய குற்றம்

திருடன் பிறக்கிறானா, ஆக்கப்படுகிறானா? ஐரோப்பிய அறிஞர்கள் இக்கேள்வியை மேசைமீது போட்டு விவாதிக்கத் தொடங்குமுன்பே, இந்தியாவை ஆண்ட வெள்ளையர் விடையைச் சட்டமாக எழுதி முத்திரையும் குத்திவிட்டனர் என்பது பலர் கவனியாத செய்தி. பிறவிக் குற்றவாளி என்னும் கோட்பாட்டின் தந்தை எனப் புகழப்பட்ட சிசேர் லொம்ப்ரோசோவின் நூல் இத்தாலியில் வெளிவந்த ஆண்டு 1876. குற்றப் பரம்பரைச் சட்டம் நிறைவேறிய ஆண்டு 1871. பிள்ளை பிறக்குமுன் பெயர்சூட்டு விழா! விஞ்ஞானத்தை ஐந்தாண்டு முந்திக்கொள்ளும் வல்லமை ஆள்வோருக்கு எங்கிருந்து வந்தது? இதற்கு விடை கண்டால், அதையே உரைகல்லாகக் கொண்டு நம் காப்பியத்தையும் திரைப்படத்தையும் உரசிப் பார்க்கலாம். அதுவே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் லொம்ப்ரோசோ. துரின் நகரத்துப் பேராசிரியர். படைவீடுகளிலும் சிறைச்சாலைகளிலும் மனிதர்களை அளந்து பழகிய மருத்துவர். கலாப்ரியா நாட்டுப்புறத்தில் பிறந்து சிறைப்பட்டு மாண்ட வில்லெல்லா என்பவனின் மண்டையோட்டை ஆராய்ந்தபோது, அடிப்புறத்தில் ஒரு சிறு குழியைக் கண்டார். கீழ்நிலை விலங்குகளிடம் காணப்படும் குழி இது. ஆகவே குற்றவாளி என்பவன் மனித வளர்ச்சியில் பின்தங்கி நின்றுவிட்ட ஆதிமனிதன் என்று முடிவு கட்டினார். பெருந்தாடை, விரிந்த காது, நீண்ட கை, பச்சை குத்திய மார்பு என அடையாளப் பட்டியல் நீண்டது. 1861இல் ஒன்றாக்கப்பட்ட இத்தாலியில் சிறைகளில் அடைபட்டோருள் தென்னாட்டு ஏழை உழவர் மிகப் பலர் என்பதை மட்டும் அவர் எண்ணிப் பார்க்கவில்லை. பசித்தவனைப் பிடித்து அடைத்தார்கள். அடைபட்டவனை இவர் அளந்தார். அளவையே காரணம் என்றார்!

இக்கோட்பாட்டின் இடுப்பை முறித்தவர் இங்கிலாந்துச் சிறை மருத்துவர் சார்லஸ் கோரிங். ஏறத்தாழ 3,000 கைதிகளை அளந்து, அவ்வளவுகளைப் பல்கலைக்கழக மாணவர், படைவீரர் முதலியோரின் அளவுகளோடு ஒப்பிட்டு, குற்றவாளிக்கென்று தனி முகமோ தனி மண்டையோ இல்லை என 1913இல் எழுதினார். அந்தக் கோரிங்கும் அறிவுக்குறை பிறப்பில் வருகிறது, அதுவே குற்றத்துக்கு வழி என்று நம்பியவர்தான் என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். முகத்தை விட்டுவிட்டு மூளையைப் பிடித்துக்கொண்டார். வில்லெல்லாவின் மண்டையோடு இன்றும் துரின் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அவனது சொந்த ஊரார் அதைத் திருப்பித் தரும்படி வழக்காடியும் அது மீளவில்லை.

இந்தியாவிலோ மண்டையோடு தேவைப்படவில்லை. சாதி இருந்தது! இந்த நாட்டில் தொழில் பிறப்பால் வருவது. தச்சன் மகன் தச்சன், நெசவாளி மகன் நெசவாளி. எனவே திருட்டைத் தொழிலாகக் கொண்ட குடியில் பிறந்தவன் திருடனாகத்தான் இருப்பான். இது யாரோ திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை மென்றபடி பேசிய பேச்சன்று. 1871ஆம் ஆண்டுச் சட்டத்தை ஆதரித்து அதிகாரிகள் எடுத்துவைத்த வாதத்தின் சாரம். மில்லும் பெந்தமும் படித்துவிட்டுக் கப்பலேறி வந்த கனவான்கள், இங்கு இறங்கியதும் வருணாசிரமத்தைச் சமுதாய விஞ்ஞானமாகப் பாடம் கேட்டுக்கொண்டார்கள். கற்பித்தவர்க்கும் மகிழ்ச்சி, கற்றவர்க்கும் வசதி. ஐந்தாண்டு முந்திக்கொண்ட வல்லமையின் மறை இதுதான்: சரக்கு இங்கேயே ஆயிரமாண்டாகத் தயாராகக் கிடந்தது.

மனுநூலின் எட்டாம் அத்தியாயத்தில் திருட்டுக் குற்றம் மேல்வருணத்தார்க்கே பன்மடங்கு மிகுதி என்று எழுதியிருக்கிறதே எனச் சிலர் எடுத்துக்காட்டுவர். எழுதியிருப்பது உண்மை. அதே அத்தியாயத்தில், எந்தப் பாவம் செய்தாலும் பார்ப்பனனைக் கொல்லலாகாது, பொருளோடு நாடு கடத்துக என்றும் எழுதியிருக்கிறது. முன்னதைப் பாராயணம் செய்பவர்க்குப் பின்னது நினைவுக்கு வருவதில்லை.

சென்னையில் இந்தச் சரக்குக்கு விஞ்ஞான மேலுறை போட்டவர் எட்கர் தர்ஸ்டன். 1885இல் எழும்பூர் அருங்காட்சியகத்தின் பொறுப்பேற்றவர். அங்கு வந்தவர்களின் மூக்கையும் மண்டையையும் இடுக்கி வைத்து அளந்தவர். காவல்துறை அதிகாரிகளுக்கும் மாந்தவியல் பாடம் நடத்தியவர். 1909இல் ரங்காச்சாரியின் துணையோடு அவர் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள், குடிகள் பற்றிய ஏழு தொகுதிகளைக் கையில் எடுத்தவர் எளிதில் கீழே வைக்கமாட்டார். சடங்கு, உணவு, உடை, பழமொழி என்று கடலளவு செய்தி. அதை மறுப்பது அறிவுடைமை ஆகாது. குறை செய்தியில் இல்லை, அடுக்கில் இருக்கிறது. அகர வரிசையில் சாதிகளை நிறுத்தி, ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம் ஒட்டுகிறது அந்நூல். ஒரு குடியில் சிலர் செய்த களவு, குடியின் வழக்கம் என்ற தலைப்பின்கீழ், திருமணச் சடங்குக்கும் ஈமச் சடங்குக்கும் பக்கத்தில் வந்து அமர்ந்துவிடுகிறது. சடங்கு பிறப்போடு வருவது. பக்கத்தில் அமர்ந்த களவும் பிறப்போடு வந்ததாகப் படிப்பவர்க்குத் தோன்றிவிடும். லண்டனில் அதே காலத்தில் களவு குறைவா? அங்கே அது வழக்கு. இங்கே அது வழக்கம்!

இன்னொரு வேடிக்கையையும் பாருங்கள். மரபியலின் பெயரால் மனித இனத்தை வடிகட்டலாம் என்று கனவு கண்ட பிரான்சிஸ் கால்டன், கைரேகையில் இனவேறுபாடு தெரியும் என்று ஆவலோடு ஆராய்ந்தார். ஆங்கிலேயர், யூதர், நீக்ரோவர் எனப் பலரின் ரேகைகளை ஒப்பிட்டார். எந்த இனத்துக்கும் உரிய தனி ரேகை கிடையாது என்று 1892இல் வெளியிட்ட நூலில் அவரே ஒப்புக்கொண்டார். கைரேகைக்குச் சாதி தெரியாது. உயர்ந்தவன் தாழ்ந்தவன் தெரியாது. அந்தக் கைரேகையைத்தான், சாதி பார்த்து எடுத்து வரும்படி போலீசாரை அனுப்பினார்கள்!

1911இல் சட்டம் திருத்தப்பட்டுச் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. மதுரைக்கு மேற்கே வாழும் பிறமலைக் கள்ளர் சமுதாயம், முதலில் சில ஊர்கள் என்று தொடங்கி, சில ஆண்டுகளில் முழுமையாகப் பட்டியலில் ஏற்றப்பட்டது. பதிவானவன் ரேகை கொடுக்கவேண்டும்; ஊரைவிட்டுப் போனால் சீட்டு வாங்கவேண்டும்; இரவில் தன் வீட்டில் படுத்துறங்கும் உரிமையும் போயிற்று, அதிகாரி சொன்ன இடத்தில் தலைகாட்டவேண்டும். அவன் திருடினான் என்று எவரும் மெய்ப்பிக்க வேண்டியதில்லை. வயது வந்த ஆண் என்பதே போதும். 1920 ஏப்ரல் 3ஆம் நாள் உசிலம்பட்டிப் பகுதியிலுள்ள பெருங்காமநல்லூரில் ரேகை எடுக்கப் போலீசார் வந்தபோது, குற்றம் செய்யாதவன் ஏன் ரேகை வைக்கவேண்டும் என்று ஊர் கேட்டது. துப்பாக்கி விடை சொன்னது. 16 பேருக்குக் குறையாமல் மாண்டனர். அவர்களுள் ஒருத்தி மாயக்காள் என்னும் பெண். நீதிமன்றத்தில் அம்மக்களுக்காக வாதாடிய வழக்கறிஞர் ஜார்ஜ் ஜோசப்பை ரோசாப்பூ துரை என்று அவர்கள் அன்போடு அழைத்த பெயர் இன்றும் அந்தப் பக்கத்தில் மறையவில்லை.

இனி நான் எழுதிக்கொண்டிருக்கும் இடத்துக்கு வருகிறேன். கீரனூர், குளத்தூர் வட்டத்தின் தலைமையூர். பழைய புதுக்கோட்டைச் சமஸ்தானத்தின் மண். 17ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து, இந்திய ஒன்றியத்தோடு இணைந்த 1948 மார்ச் 3 வரை, இந்த மண்ணை ஆண்ட தொண்டைமான் மரபினர் எக்குடியினர்? கள்ளர் குடியினர். வெள்ளையருக்குப் போர்க்காலத்தில் துணைநின்றவர்கள்; 1799இல் கட்டபொம்மன் பிடிபட்டதும் இவர்கள் எல்லைக்குள்தான். அந்தத் துணைக்குக் கிடைத்த பரிசுகளும் பீரங்கி மரியாதைகளும் வரலாற்றில் உள்ளன. மதுரை மேற்கில் கள்ளர் என்ற பெயர் கொண்டவன் இரவில் காவல்நிலையத்தில் கணக்குக் கொடுத்துக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், கள்ளர் குடியில் பிறந்த புதுக்கோட்டை மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் கடல்கடந்து பயணம் செய்தார். 1915இல் ஆஸ்திரேலியப் பெண்மணியை மணந்தார். ஆங்கில அரசு அத்திருமணத்தைக் குறித்து முகம் சுளித்ததே தவிர, அவரிடம் ரேகை கேட்கவில்லை! ஒரு பெயர்; ஒரு பேரரசு; ஒரு பக்கம் அரியணை, மறுபக்கம் பதிவேடு. குற்றம் இரத்தத்தில் ஓடுவதாயின், அது சமஸ்தானத்து எல்லைக்கல்லைக் கண்டதும் ஏன் நின்றுவிட்டது?

எல்லைக்கல்லின் இரு பக்கமும் நடந்தது என்ன என்பதைப் பார்த்தால் விளங்கும். இரு பக்கத்திலும் காவலே அவர்களது பழந்தொழில். புதுக்கோட்டையில் அரண்மனைக் காவலும் படை ஊழியமும் செய்தவர்க்கு மானிய நிலம் இருந்தது. அந்த ஊழியம் தேவையற்றுப் போனபின், சேஷய்யா சாஸ்திரி திவானாக இருந்த காலத்தில், 1888இல் நடந்த இனாம் தீர்வையில் அத்தகைய நிலங்களில் பெரும்பகுதி வரி விதிக்கப்பட்டு வைத்திருந்தவர் கையிலேயே நின்றது. வாள் போயிற்று, வயல் நின்றது. (இச்சமஸ்தானத்தின் மானிய அமைப்பை விரிவாக ஆராய்ந்து அமெரிக்கர் நிக்கோலஸ் டர்க்ஸ் 1987இல் ஒரு நூல் எழுதியுள்ளார். புதுக்கோட்டைக்காரர் படிக்கவேண்டிய நூல். தமிழில் எளிதாகக் கிடைத்தால் எவ்வளவு நன்றாயிருக்கும்!) மதுரைப் பக்கத்திலோ, ஊர்க்காவலுக்கென்று குடிகள் கொடுத்துவந்த காவல்கூலியைப் புதிய போலீஸ் அமைப்பு சட்டத்துக்குப் புறம்பாக்கியது. நேற்றுவரை காவல்காரன், இன்று காவல்கூலி கேட்டால் வழிப்பறிக்காரன். கூலியைப் பறித்ததற்கு ஈடாக ஒரு காணி நிலமும் கொடுத்தார்களில்லை. இயற்கையும் கைவிட்டது. 1895இல் பெரியாற்று நீர் மலையைக் குடைந்து கிழக்கே இறங்கியபோது மேலூர்ப் பக்கத்து வயல்கள் பச்சையாயின. உசிலம்பட்டிச் சீமை வானத்தைப் பார்த்தபடி கிடந்தது. அங்கு 58 கிராமக் கால்வாய்க்காக மக்கள் தலைமுறை தலைமுறையாகக் குரல் கொடுத்த கதை ஊரறிந்தது. பதிவேட்டின் பாரம் முழுச் சமுதாயத்தின் மீதும் விழுந்தது எங்கே? வறண்ட மேற்கில்!

இதற்கு மறுப்பு ஒன்று எழும். புதுக்கோட்டைக் கள்ளர் வேறு கிளை, பிறமலைக் கள்ளர் வேறு கிளை, இருவருக்கும் கொள்வினை கொடுப்பினை இல்லை; ஆகவே இரத்தமே வேறு என்பார்கள். நல்லது, வேறாகவே இருக்கட்டும். ஒரே கிளையை எடுத்துக்கொள்வோம். சென்னை மாகாணத்தில் இச்சட்டம் 1947இல் ஒழிந்தது. அதற்கு முன் வயதுவந்த அண்ணன் போலீஸ் பதிவேட்டில் இருந்தான்; பின்னர் வளர்ந்த தம்பி பள்ளிக்கூடப் பதிவேட்டில் இருந்தான். மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளில் படித்தவர்கள் ஆசிரியர்களாகவும் மருத்துவர்களாகவும் காவல் அதிகாரிகளாகவும் விளங்குவதைக் காண்கிறோம். இரத்தம் எந்த மாதத்தில் மாறியது?

அதற்காக உடல் என்ற ஒன்றே இல்லாததுபோல் பேசுவதும் பகுத்தறிவு ஆகாது. மூளை உடலின் உறுப்பு. கோபமும் பொறுமையும் அங்கேதான் பிறக்கின்றன. 1965இல் ஸ்காட்லாந்து மருத்துவமனை ஒன்றில் அடைபட்டிருந்தவர்களுள் ஒய் என்னும் குரோமோசோம் ஒன்று கூடுதலாக உள்ள ஆண்கள் எதிர்பார்த்ததைவிட மிகுதி என்று கண்டார்கள். குற்றக் குரோமோசோம் கிடைத்துவிட்டது என்று பத்திரிகைகள் கூத்தாடின. 1976இல் டென்மார்க்கில் ஆயிரக்கணக்கானவர்களை ஆராய்ந்தபோது, அத்தகையோர் வன்செயலில் மற்றவரை விஞ்சவில்லை என்பது தெரிந்தது. 1993இல் நெதர்லாந்துக் குடும்பம் ஒன்றில், மூளையின் வேதிப்பொருளைச் சிதைக்கும் நொதி ஒன்று மரபணுக் கேட்டால் அறவே இல்லாத ஆண்கள் முரட்டுத்தனமாக நடந்ததைக் கண்டனர். உண்மையான கண்டுபிடிப்பு அது. ஆனால் அத்தகைய கேடு மிக அரிது. அதே நொதி குறைவாகச் சுரக்கும் மரபணு வகை கோடிக்கணக்கானவரிடம் உண்டு. 2002இல் நியூசிலாந்தில், ஒரே நகரில் பிறந்த குழந்தைகளைப் பல்லாண்டு தொடர்ந்து கவனித்த ஆய்வு, அந்த வகை மட்டும் யாரையும் குற்றவாளியாக்கவில்லை, இளமையில் அடியும் கொடுமையும் சேர்ந்தபோதே விளைவு தெரிந்தது என்றது. அதையும் பின்வந்த ஆய்வுகள் சில உறுதி செய்தன, சில செய்யவில்லை. இன்னும் ஒன்று: பெட்ரோலில் கலந்த ஈயம் குழந்தையின் மூளையைக் கெடுத்து, வளர்ந்தபின் அடங்காக் குணத்தோடு தொடர்புடையதாகிறது என ஆய்வுகள் காட்டியுள்ளன. இந்தியாவில் ஈயப் பெட்ரோல் நின்றது 2000இல். மூளையில் ஏறிய ஈயம் உடற்காரணமா, சூழ்நிலைக் காரணமா? சாலையோரக் குடிசையில் பிறந்தவன் சுவாசித்த புகையை அவன் பரம்பரை என்று எழுதலாமா? இந்த ஆய்வுகள் ஒன்றிலேனும் சாதி என்ற சொல்லுக்கு இடமில்லை என்பதை இளைஞர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். ஒரு மனிதனின் உடலில் ஒரு கேடு இருக்கலாம். ஒரு சமுதாயத்தின் உடல் என்று ஒன்று கிடையாது.

சூழ்நிலைக் கோட்பாடும் கைதவறினால் கத்தியே. இவன் இரத்தத்தில் ஊறியது என்று ஆசிரியர் அறைகளில் பேசிய தலைமுறை ஓய்வுபெற்றுக்கொண்டிருக்கிறது. அதன் நாற்காலியில் அமர்ந்த தலைமுறை, இவன் வந்த இடம் அப்படி என்று பேசுகிறது. நான் காதால் கேட்டது. பேனா காணாமற்போனால் முதலில் எந்தப் பையனின் பை சோதிக்கப்படுகிறது? அந்தக் குப்பம், அந்தக் காலனி, அந்தக் கீழத்தெரு என்று இடத்தின் பெயரால் முத்திரை குத்தினால், சாதிக்கு மாற்றுப்பெயர் சூட்டியதாகுமேயன்றிச் சூழ்நிலையை ஆராய்ந்ததாகாது. சூழ்நிலை என்றால் கால்வாய் வந்ததா, கூலி கிடைத்ததா, பள்ளி திறந்ததா என்று கேட்பது. தெருப் பெயரைக் கேட்பதன்று.

இந்த வேறுபாட்டைத் தமிழ் இலக்கியம் அறிந்திருந்தது. வழிப்பறி செய்வோர் வாழும் பாலையை ஐந்திணையில் ஒன்றாக வைத்த நம் முன்னோர், அதற்குத் தனி நிலம் கொடுக்கவில்லை. முல்லையும் குறிஞ்சியும் கோடையில் தம் இயல்பு கெட்டுத் திரிந்த நிலையே பாலை என்று சிலப்பதிகாரத்துக் காடுகாண் காதை பேசுகிறது. நிலம் காய்ந்தால் அங்கு வாழ்வோன் வாழ்வும் காயும்; மழை பெய்தால் பாலை மறைந்து பழைய முல்லை தோன்றும். கல்கத்தாச் சட்டமன்றத்தாரைவிட இளங்கோ தெளிவாகவே சிந்தித்திருக்கிறார்.

ஆயினும் அதே காப்பியத்தை உரைகல்லில் முழுதும் உரசவேண்டும். நமக்கு உவப்பான ஏடு என்று பாதியில் நிறுத்தக்கூடாது. கொலைக்களக் காதையில், கோவலனைக் கண்ட காவலர், இவன் தோற்றம் கள்வன் தோற்றமாக இல்லையே என்று தயங்குகிறார்கள். முகத்தைப் பார்த்துக் குற்றத்தை அளக்கும் லொம்ப்ரோசோ முறை மதுரையில் அன்றே நடமாடியிருக்கிறது. உண்மைக் கள்வனோ, அரண்மனைப் பொற்கொல்லன், எதிரிலேயே நின்று களவு நூல் பற்றி விரிவுரை ஆற்றுகிறான்! அவன் முகத்தை எவரும் அளக்கவில்லை. அரண்மனைச் செல்வாக்கு உள்ளவன் முகம் அளக்கப்படுவதில்லை. இதுவரை இளங்கோவின் கூர்மைக்குத் தலைவணங்கலாம். ஆனால் முன்னே உள்ள உரைபெறு கட்டுரையைப் படியுங்கள். பாண்டிநாட்டில் மழை பொய்த்து நோயும் பஞ்சமும் வந்தபின், கொற்கையில் இருந்த வெற்றிவேற்செழியன் ஆயிரம் பொற்கொல்லரைக் கண்ணகிக்குக் களவேள்வியாகப் பலியிட, மழை பெய்தது என்கிறது. களவு செய்தவன் ஒருவன். தலை கொடுத்தவர் ஆயிரவர். தொழிலும் பிறப்பும் ஒன்றாயிருந்த ஒரே காரணத்தால்! அவ்வுரைப்பகுதி இளங்கோவின் வாக்கா, பின்னர்ச் சேர்ந்ததா என்று புலவர்கள் வாதிடட்டும். அதை எழுதிய கைக்கும், எழுதியதைப் படித்து வியக்காமல் புரட்டிப்போகும் நம் கைக்கும், 1871இல் கையெழுத்திட்ட கைக்கும் இடையே எவ்வளவு தொலைவு? கண்ணகி சிலைக்கு மாலையிடும்போது அந்த ஆயிரவரையும் நினைப்பவர் எத்தனை பேர்? மேடைகளில் நான் கேட்டவரை, ஒருவருமில்லை.

இந்த ஆயிரம் தலைக்கு நம் காலத்தில் விடையாக அமைந்தது பராசக்தி. 1952இல் கலைஞர் கருணாநிதியின் எழுத்தில் வந்த அந்தப் படத்தின் நீதிமன்றக் காட்சியை மனப்பாடமாகச் சொல்லும் இளைஞர்கள் உண்டு. வசனத்தின் வீச்சில் மயங்கி, கதை அமைப்பின் கூர்மையைக் கவனிக்கத் தவறுகிறார்கள். கூண்டில் நிற்பவன் குணசேகரன். இருக்கையில் நீதிபதியாக வீற்றிருப்பவன் சந்திரசேகரன். இடையில் காலிழந்து பிச்சைக்காரர்களுக்குத் தலைவனானவன் ஞானசேகரன். மூவரும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள்! ஒரே இரத்தத்தை மூன்று இடங்களில் கொண்டுபோய் நிறுத்திக் காட்டியது அக்கதை. இரட்டைப் பிறவிகளை ஆராய்ந்து, குற்றம் தலைவிதி என 1929இல் நூல் எழுதிய ஜெர்மானியர் யொகான்னஸ் லாங்கேக்குத் திருவாரூரிலிருந்து கிளம்பியவர் கொடுத்த மறுமொழி அது. மேலும், குணசேகரன் குற்றமற்றவன் என்று படம் சாதிக்கவில்லை. பூசாரியைத் தாக்கினான், அவனே ஒப்புக்கொள்கிறான். செய்தவனை நிறுத்திவைத்துக்கொண்டே, செய்யவைத்தது எது என்று கேட்கிறது.

விக்டர் யூகோ 1862இல் எழுதிய பெருங்கதை, சுத்தானந்த பாரதியாரின் தமிழில் ஏழை படும் பாடு என்று பெயர்பெற்று, 1950இல் அப்பெயரிலேயே படமாயிற்று. ரொட்டி திருடியவனைத் துரத்தும் ஜாவர் என்னும் காவல் அதிகாரியாக நடித்த சீதாராமனுக்கு அப்பாத்திரத்தின் பெயரே அடைமொழியாக ஒட்டிக்கொண்டது. மூலக்கதையில் ஜாவர் பிறந்த இடம் தெரியுமா? சிறைச்சாலை! தண்டனை பெற்றவனின் மகன். அவன்தான் குற்றவாளி திருந்தவே மாட்டான் என்று வாழ்நாள் முழுதும் நம்புகிறான். யூகோவின் இந்தக் குத்தல் எவ்வளவு ஆழமானது!

இப்போதைய திரைக்கு வருவோம். 2017இல் எச். வினோத் இயக்கி வெளிவந்த தீரன் அதிகாரம் ஒன்று, நெடுஞ்சாலையோர வீடுகளில் நடந்த கொள்ளைக் கொலைகளைத் துப்புத்துலக்கிய உண்மை வழக்கைத் தழுவியது. காவலர் உழைப்பையும் அலைச்சலையும் அவ்வளவு நேர்த்தியாகக் காட்டிய படம் குறைவு, அதை மறுக்கவில்லை. ஆனால் கொலைக்கூட்டத்தின் கொடூரத்துக்கு விளக்கம் வேண்டியபோது, படம் எங்கே போகிறது? அவர்களின் குடிவரலாற்றுக்கு! குற்றவாளி சிலர் என்று தொடங்கிய கதை, குலத்தின் கதையாகிவிடுகிறது. தர்ஸ்டனின் ஏழு தொகுதிகள் எட்டாம் தொகுதியாகத் திரையில் ஓடின. எதிர்ப்பு எழுந்தபின் தயாரிப்பாளர் வருத்தம் தெரிவித்து, குற்றப் பரம்பரை என்னும் சொல்லை நீக்க இசைந்தனர். சொல்லை நீக்கலாம், கதையின் எலும்பை எப்படி நீக்குவது?

அதற்கு மறுமுனை, 2021இல் த. செ. ஞானவேல் இயக்கிய ஜெய் பீம். சிறைவாசலில் விடுதலையாகி வருவோரிடம் சாதி கேட்டு, சில சாதியாரை மட்டும் ஒதுக்கி நிறுத்தி, துப்புக் கிடைக்காத பழைய வழக்குகளைப் பங்குபோட்டுக் கொள்ளும் முதற்காட்சி, குற்றப் பரம்பரைச் சட்டம் மாண்டபின்பும் எப்படி உயிர்வாழ்கிறது என்பதற்கு நூறு கட்டுரை செய்யாத வேலையைச் செய்கிறது. 1993இல் குறவர் குடியைச் சேர்ந்த ஒருவர் காவலில் கொல்லப்பட்ட வழக்கே அதற்கு மூலம். படம் அவரை இருளராக்கிற்று. குறவர் சமுதாயத்தார் இதைக் குறைகூறியது நியாயமே. எனக்குள்ள குறை வேறு. அப்படத்தின் நாயகன் தூய்மையிலும் தூய்மையானவன். வழியில் கிடந்த நகையையும் தொடமாட்டான் என்று நமக்கு உறுதி கூறிய பிறகே நம் கண்ணீரைக் கேட்கிறது. அவன் ஒருநாள் பசியால் ஒரு மூட்டை நெல்லைத் திருடியிருந்தால்? அப்போது லாக்கப்பில் விழுந்த அடி நியாயமாகிவிடுமா? அந்த இடத்தில் பராசக்தி நடந்த தூரம்வரை ஜெய் பீம் நடக்கவில்லை. எழுபது ஆண்டு இடைவெளியில் நம் திரை முன்னேறியிருக்கிறது, ஆனால் இந்த ஒரு கேள்வியில் பின்னே போயிருக்கிறது என்பது என் கணிப்பு.

பழங்கதை பேசுகிறேன் என்று எண்ணவேண்டாம். 2024 அக்டோபர் 3ஆம் நாள் உச்சநீதிமன்றம், சுகன்யா சாந்தா என்னும் பத்திரிகையாளர் தொடுத்த வழக்கில், சிறைகளில் சாதி பார்த்து வேலை கொடுக்கும் விதிகள் அரசியல் சட்டத்துக்கு முரண் என்று தீர்ப்பளித்தது. கைதியின் பதிவேட்டில் சாதிக்கென இருந்த பத்தியை நீக்க ஆணையிட்டது. 1952இல் நாடு முழுவதும் ஒழிக்கப்பட்ட பரம்பரைப் பட்டியல், பழங்குற்றவாளி என்ற சொல்லுக்குள் புகுந்துகொண்டு சில மாநிலங்களின் சிறை விதிநூல்களில் 2024 வரை உட்கார்ந்திருந்தது. குறிப்பிட்ட குடியில் பிறந்தவனைப் பழங்குற்றவாளியாகக் கொள்ளலாம் என்ற கருத்தில் எழுதப்பட்ட விதிகளை அத்தீர்ப்பு எடுத்துக்காட்டிக் கண்டித்தது. அந்தப் பழங்குற்றவாளிகள் சட்டத்தைச் சென்னை மாகாணம் இயற்றிய ஆண்டு 1948. பரம்பரைச் சட்டத்தை ஒழித்த மறு ஆண்டே.